பதினேழாவது வரி

எங்கள் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களின் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மலர் போடுகிறது. கணக்கீட்டுப் பிரிவைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். எனக்குப் பல வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். "கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி கையால எப்படிப் போட்டீங்கன்னு எழுதுங்க சார். துல்லியம்னாலே உங்க பேருதானே" என்றார். இந்தத் துல்லியம் என்ற சொல்லை என் பிரிவுபசாரக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் ஒருவர் விடாமல் சொன்னார்கள். ஒரு வெள்ளித் தட்டில் பொறித்தும் கொடுத்தார்கள். அந்தத் தட்டு பீரோவுக்கு மேலே பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கிறது. வெளியே வைத்தால் கறுத்துவிடும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுத மனமில்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது. ஒரு வால்வெள்ளிக்குப் பக்கத்தில் போன விண்கலம், அங்கே எழும் அலைகளைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறதாம். காதுக்கு எட்டாத அதிர்வை வேகப்படுத்தி, ஒலியாக்கிப் போட்டுக் காட்டினார்கள். தண்ணீர் வராத குழாயில் காற்று புகுந்தால் ஒரு சத்தம் வருமே, அதைப் போல இருந்தது. செய்தி வாசித்த பெண் அதைப் பாட்டு என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் கையிலிருந்த காப்பி தளும்பி வேட்டியில் கொட்டிவிட்டது.

ஏனென்றால், வால்வெள்ளியிடம் அப்படி அலை வளராது, எழுந்தாலும் அடங்கிவிடும் என்று ஒரு காலத்தில் எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். தெரியாமல் எழுதவில்லை. வளரும் என்று தெரிந்த பிறகு எழுதினேன்.

நான் வியாசர்பாடிக்காரன். எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, அறுபத்தைந்தாம் ஆண்டில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கொதிகலன், அழுத்தக் குழாய், எண்ணெய்த் தொட்டி எல்லாம் செய்கிற இடம். எந்தத் தகடு எத்தனை அழுத்தம் தாங்கும் என்பதைக் கணக்கிட்டுக் கொடுப்பது எங்கள் பிரிவு. ஆறு மாதம் கூட்டல் பழகினேன், ஆறு மாதம் தப்புக் கண்டுபிடிக்கப் பழகினேன். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் நாங்கள் கணக்குப் போட்ட மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் மிஷினின் மேல்பாதி அளவுதான் இருக்கும். முன்பக்கம் எண்களை நகர்த்தி வைக்கும் பற்கள், வலப்பக்கம் ஒரு கைப்பிடி. முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். வகுத்தல் என்றால் கழித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு சுற்று அதிகமாகப் போய்விட்டால் உள்ளே ஒரு சின்ன மணி அடிக்கும். உடனே ஒரு சுற்று திரும்பி வந்து, அடுத்த இலக்கத்துக்கு நகர வேண்டும். நாள் முழுக்க அந்த அறையில் கரகரவென்று சுற்றும் சத்தமும் நடுநடுவே மணியும்தான். மணி அடிக்கிறது என்றால் ஆள் வேலை செய்கிறார் என்று அர்த்தம். கடல் காற்று இரும்பை அரித்துவிடும் என்பதால் திங்கட்கிழமை தோறும் ஒவ்வொரு மிஷினுக்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவோம்.

பிரிவுத் தலைவர் கேசவன் சார். அவர் கோபித்து நான் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையின் இடது மூலையில் வைப்பார். சாயங்காலம்தான் எடுப்பார். எங்கள் எல்லாரையும், நேற்றுச் சேர்ந்தவரையும், 'நீங்க' என்றுதான் பேசுவார். அவரிடம் ஒரு விதி இருந்தது. எந்தக் கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. அதற்காகவே மேஜைகளை முதுகோடு முதுகாகப் போட்டு வைத்திருந்தார். இரண்டு தாளும் முடிந்ததும் அவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். ஒத்துப்போனால் கையெழுத்து. இல்லாவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நிற்பார். பிறகு திரும்பி வந்து, "இந்த வரி ஒத்துப்போகல. மறுபடி போடுங்க" என்பார். யாருடையது தப்பு என்று சொல்லவே மாட்டார். இருவரும் போட வேண்டும். "ஒரு கை போட்டா அது வதந்தி. ரெண்டு கை போட்டாத்தான் கணக்கு" என்பார். இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒரு தொட்டி வெடித்து இரண்டு பேர் செத்ததை இளவயதில் பார்த்தவர்.

என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பிலோமினா. ராயபுரத்துக்காரர். அப்பா துறைமுகத்தில் பளு தூக்கும் வின்ச் ஓட்டினார். எனக்கு இரண்டு வருஷம் கழித்துச் சேர்ந்தாலும் என்னைவிடச் சீராகப் போடுவார். நான் வேகம், அவர் நிதானம். எழுபதாம் ஆண்டில் இரண்டு பேருமே தற்காலிகம்தான். நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்கு அது கிடைக்கும், மற்றவருக்கு ஜூன் மாதத்தோடு வேலை முடியும் என்பது அறைக்கே தெரியும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் சண்டை போட்டதில்லை. அவருக்குக் கிடைத்தால் நான் பாயசம் கேட்பேன், எனக்குக் கிடைத்தால் அவர் பிரியாணி கேட்பார் என்று பேச்சு.

அந்த வருஷம் மார்ச், ஏப்ரலில் விடியற்காலைகளில் வானத்தில் ஒரு வால்வெள்ளி தெரிந்தது. பிலோமினா அப்பாவோடு காசிமேட்டுக் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். தொடப்பக்கட்டையைத் தலைகீழாக நிறுத்தி வைத்த மாதிரி இருந்ததாம். நான் பார்க்கவில்லை. தூங்கிவிட்டேன்.

வால்வெள்ளியோடு கூடவே தணிகாசலம் மாஸ்டரும் வந்து சேர்ந்தார். ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர், கேசவன் சாருக்குப் பள்ளிக்கூடத் தோழர். பழைய சைக்கிளில் கேரியர் நிறையக் காகிதத்தோடு வருவார். அவர் ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதன் சமன்பாடுகளைத் தீர்க்கக் கையால் போட்டால் ஆயுசு போதாது. தொழிற்சாலையில் வேலை குறைவாக இருந்த மாதம் என்பதால் மேலிடத்தில் அனுமதி வாங்கி, கேசவன் சார் அதை எங்களிடம் கொடுத்தார்.

மாஸ்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். சூரியனிலிருந்து மின்னேறிய வாயு ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சூரியக் காற்று என்று பெயர், அது தன்னோடு காந்தப் புலத்தையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வால்வெள்ளி பனிக்கட்டி. சூரியனை நெருங்கும்போது ஆவியாகி வாயு விடுகிறது. அந்த வாயு அணுக்கள் சும்மா மிதந்துகொண்டிருக்கும்வரை சூரியக் காற்று அவற்றைத் தொடுவதில்லை. வெயில் பட்டு ஒரு எலெக்ட்ரானை இழந்து மின்னேறியதும், அந்த நொடியே காற்று அவற்றைப் பிடித்து இழுக்கிறது. "ஓடற கூட்ஸ் வண்டியில நின்ன இடத்துலேருந்து கம்பியைப் பிடிச்சவன் மாதிரி. வண்டி அவனை இழுக்கும், அவன் வண்டியை இழுப்பான். அந்த இழுபறியில ஒரு ஆட்டம் வரும். அந்த ஆட்டம் தானா அடங்குதா, இல்ல வளர்ந்துகிட்டே போகுதா? அதுதான் என் கேள்வி" என்றார்.

வளர்ந்தால் அங்கே பிளாஸ்மா அலைகள் கொந்தளிக்கும், காற்றே தன் வேகத்தை இழக்கும். அடங்கினால் ஒன்றும் இல்லை. நாற்பது அலைநீளங்களுக்கு விடை வேண்டும். ஒவ்வொரு வரியிலும் கடைசியில் ஒரு எண் வரும். மைனஸ் வந்தால் அடங்கும். ப்ளஸ் வந்தால் வளரும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு எண்ணுக்கு முப்பத்து நாலு படிகள். ஒரு உத்தேச விடையை வைத்துக்கொண்டு படிகளைச் செய்து, வந்த விடையை மறுபடி உள்ளே போட்டு, கடைசி இலக்கம் அசையாமல் நிற்கும்வரை சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வரிகள் முடிந்தால் பெரிது. இரண்டு முனைகளிலிருந்தும் தொடங்கி நடுவுக்கு வரச் சொன்னார் கேசவன் சார். முனைகளில் வரும் விடையை மாஸ்டர் வேறு வழியிலும் சரிபார்க்க முடியும்.

இரண்டு முனைகளிலும் மைனஸ்தான் வந்தது. சின்னச் சின்ன மைனஸ், ஒழுங்காக நகர்ந்தது. வியாழக்கிழமை காலையில் எனக்கு மிச்சம் இருந்தவை நடுவில் ஆறு வரிகள், பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை. வியாழனும் வெள்ளியும் போட்டால் முடியும்.

சனிக்கிழமை எனக்குக் கேரம் போட்டி இருந்தது.

இதை எழுதவே கூசுகிறது. வீட்டில் சாவு, உடம்புக்கு முடியவில்லை என்று ஏதாவது இருந்தாலாவது சொல்லிக்கொள்ளலாம். கேரம். ராயபுரத்தில் ஒரு மன்றத்தில் வட்டாரப் போட்டி. நான் அரையிறுதிக்கு வந்திருந்தேன். நாள் முழுக்கக் கைப்பிடி சுற்றினால் சாயங்காலம் மணிக்கட்டு நடுங்கும். நடுங்கும் கையால் ஸ்ட்ரைக்கரைத் தட்டினால் காய் எங்கேயோ போகும். இரண்டு நாள் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். கேசவன் சார் அந்த இரண்டு நாளும் ஒரு கொதிகலன் சோதனைக்காகப் பட்டறையில் இருந்தார்.

எங்கள் தொழிலில் தப்புக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு எண்ணையும் அடுத்த எண்ணிலிருந்து கழித்து வித்தியாசத்தை எழுது. அந்த வித்தியாசங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழி. கணக்குச் சரியாக இருந்தால் அந்த வரிசை வழுவழுவென்று போகும். எங்காவது தப்பு இருந்தால் அங்கே துருத்தும். இதைத் தலைகீழாகவும் செய்யலாம். வித்தியாசங்களை வழுவழுவென்று நிரப்பிக்கொண்டு, அதிலிருந்து விடுபட்ட எண்களைக் கூட்டி எழுதிவிடலாம். மிஷினே வேண்டாம், பென்சில் போதும். தப்புக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அகப்படாமல் தப்புச் செய்யவும் தெரியும். ஆறு வரிகளையும் ஒரு மணி நேரத்தில் நிரப்பினேன். ஆறும் மைனஸ். இரண்டு முனையும் மைனஸாக இருக்கும்போது நடுவில் மட்டும் வேறு என்ன வந்துவிடப்போகிறது என்று நிஜமாகவே நம்பினேன்.

அரையிறுதியில் தோற்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை கேசவன் சார் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதினாறு வரி வரை விரல் சீராக இறங்கியது. பதினேழில் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிலோமினாவின் தாளில் பதினேழாவது வரி ப்ளஸ். பதினெட்டில் இன்னும் பெரிய ப்ளஸ். இருபதில் உச்சிக்குப் போய், இருபத்திரண்டில் இறங்கி, இருபத்து மூன்றில் என்னுடைய மைனஸோடு சேர்ந்துகொண்டது. மாஸ்டரும் அங்கே இருந்தார். இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு ஆசை வந்தது, உடனே அதை அவரே அடக்கிக்கொண்டார். முனைகளில் இருக்கும் ஒழுங்கைப் பார்த்தால் நடுவில் இப்படிக் குதிக்க வாய்ப்பில்லையே என்றார்.

கேசவன் சார் வித்தியாசங்களை எடுத்தார். என்னுடையது வழுவழுவென்று போயிற்று. போகாமல் என்ன செய்யும், அதை வைத்துத்தானே செய்தேன். பிலோமினாவுடையது துருத்தியது. பிலோமினா எழுந்து நின்று, "ஒரு வரி தப்புன்னா ஒத்துக்கறேன் சார். ஆறு வரியும் ஒழுங்கா ஏறி ஒழுங்கா எறங்குதே, அது எப்பிடி?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கேசவன் சார் யோசித்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் முந்தின வரியின் விடையைத்தானே உத்தேசமாக வைத்துத் தொடங்குகிறோம், பதினேழில் வழி மாறி வேறொரு விடைக்குப் போயிருந்தால் மற்ற ஐந்தும் அதன் பின்னாலேயே போயிருக்கும் என்றார். அதுவும் நியாயமான பதில்தான். பிறகு வழக்கம்போலச் சொன்னார்.

"பதினேழு ஒத்துப்போகல. ரெண்டு பேரும் மறுபடி போடுங்க."

செவ்வாய்க்கிழமை பிலோமினாவை அறையிலேயே உட்கார வைத்து, என்னைப் பக்கத்தில் வரைபடங்கள் வைக்கும் அறைக்கு மிஷினோடு அனுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டு அந்த வரியை முதல் தடவையாகப் போட்டேன். மைனஸை வைத்துத் தொடங்கினேன். முதல் சுற்றில் விடை நகர்ந்தது. இரண்டாம் சுற்றில் பூஜ்யத்தைத் தாண்டியது. நாலாவது சுற்றில் ப்ளஸ்ஸில் போய் நின்றது. நம்பாமல் வேறொரு இடத்திலிருந்து தொடங்கிப் பார்த்தேன். அங்கேதான் வந்தது. பிலோமினாவின் தாளில் திங்கட்கிழமை நான் பார்த்த அதே எண், கடைசி இலக்கம் வரை.

பன்னிரண்டு மணி இருக்கும். வெளியே லாரி போகும்போதெல்லாம் அலமாரி அதிர்ந்தது. பிலோமினா வழி மாறவில்லை, அவர் கை சறுக்கவில்லை, அலை வளர்கிறது. அது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்றும் தெரிந்தது. அப்படியானால் முதலில் எழுதிய எண் எங்கிருந்து வந்தது? ஒரு எண் தப்பினால் கவனக்குறைவு. ஆறு எண்களும் வழுவழுவென்று தப்பியிருந்தால் அது என்ன என்று கேசவன் சாருக்கு ஒரு பார்வையில் புரியும். நிரந்தர இடம் போகும், அது பரவாயில்லை. இந்த வேலையே போகும், வியாசர்பாடியில் எல்லாருக்கும் ஏன் என்று தெரியும்.

போட்ட தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். புதிய தாளில் பழைய மைனஸ் எண்ணை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். கை நடுங்கவே இல்லை. கைக்குத்தான் ஓய்வு கொடுத்திருந்தேனே.

பிலோமினாவுக்கு மறுபடியும் ப்ளஸ்தான் வந்தது. கேசவன் சார் மூன்றாவது ஆளைப் போடச் சொல்ல நினைத்தார். ஆனால் மற்ற எல்லாரும் கொதிகலன் வேலையில் மாட்டியிருந்தார்கள், மாஸ்டர் கட்டுரையை அந்த வாரம் தபாலில் சேர்க்க வேண்டியிருந்தது. என் முகத்தை ஒருமுறை பார்த்து, "நிச்சயமா போட்டீங்களா?" என்று கேட்டார். போட்டேன் சார் என்றேன். அவர் பிலோமினாவின் தாளில் ஆறு வரிகளையும் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, என் தாளில் கையெழுத்திட்டார். ஒரே கையை நம்பி அவர் கையெழுத்திட்டது அந்த ஒரு தடவைதான்.

ஜூன் மாதம் எனக்கு நிரந்தரம் ஆயிற்று. பிலோமினாவின் கோப்பில் கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை ஏறியது. அதை வைத்துக்கொண்டு வேறெங்கும் கணக்கு வேலைக்குப் போக முடியாது. கடைசி நாளன்று, திங்கட்கிழமை இல்லாவிட்டாலும், தன் மிஷினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு உறையைப் போட்டு மூடினார். பிரியாணி எப்போது வாங்கித் தரப்போகிறாய் என்று கேட்டுச் சிரிக்கப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நான் எங்க சறுக்கினேன்னு எனக்கு இன்னும் தெரில மாணிக்கம். நீ கெட்டிக்காரன். என்னிக்காவது கண்டுபுட்ச்சீனா சொல்லு, இன்னா?"

சொல்கிறேன் என்றேன்.

மூன்று வருஷம் கழித்துத் தணிகாசலம் மாஸ்டர் வந்தார். அதே சைக்கிள். கேசவன் சார் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வெளிநாட்டில் வேறு யாரோ இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, அலைகள் வளரும் என்று காட்டியிருக்கிறார்களாம். "அந்தப் பொண்ணு போட்ட தாள் இருக்கா? நடுவுல ஆறு வரி, அது இருந்தா பார்க்கலாம்" என்று கேட்டார். பழைய காகிதங்களைப் போட்டுவிட்டோம் சார் என்று சட்டென்று சொன்னேன். தேடிக்கூடப் பார்க்கவில்லை. அவர் டீயை ஆற விட்டுக் குடித்தார். "எனக்கே ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம் ஒழுங்கா இருக்கறதுதான் உண்மைன்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவர் வரவில்லை. கேசவன் சார் இறந்து, மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனபோது நானும் தோள் கொடுத்தேன். அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா உங்களைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுவார் என்றான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பின்னால் வந்தவர்களிடம் இரண்டு கை, இரண்டு கை என்று பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். ஒரு மனிதனுக்கு இவ்வளவு தடித்த தோல் இருக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

தொலைக்காட்சியில் அந்தச் சத்தத்தைக் கேட்ட மறுநாள் காலையில் ராயபுரம் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் விசாரித்தேன். பிலோமினா டெய்லர் வீடா என்று வழி சொன்னார்கள். தொழிற்சாலையை விட்டுப் போனதும் தையல் கற்றுக்கொண்டு, அதிலேயே குடும்பம் நடத்தியிருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். மாடிப்படி ஏறினேன். என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"வா மாணிக்கம். இன்னா இப்டி எளச்சிட்ட?"

உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேரம், பென்சில், கதவைச் சாத்திக்கொண்டு போட்டது, மடித்து வைத்தது. அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அந்தக் கேவலமும் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

அவர் திட்டவில்லை. தையல் மிஷின் மேலிருந்த துணியை நீவிவிட்டார். "அந்த ரெண்டு நாளு உன் மிஷின்ல மணி அடிக்கல. எனுக்கு முதுகுல கேட்டுக்கினேதான இருக்கும். நீ வேகம், முன்னாடியே முட்ச்சிட்டேன்னு நென்ச்சேன்" என்றார்.

பிறகு எழுந்து தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்தார். பாபின்களுக்கும் பொத்தான் டப்பாவுக்கும் அடியிலிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்தார். உள்ளே அந்தத் தாள். கேசவன் சார் சிவப்புப் பென்சிலால் அடித்த தாள். ஓரங்களிலும் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் பெருக்கல், வகுத்தல். மிஷின் இல்லாமல் கையால் போட்டது. சில இடங்களில் பென்சில், சில இடங்களில் நீல மை, ஒரு மூலையில் துணியில் குறி போடும் சாக்கட்டி. ஒரு நாளில் எழுதியவை அல்ல என்று பார்த்தாலே தெரிந்தது.

"எங்க தப்புன்னு தேடிகினே இருந்தேன்" என்றார். "கட வச்ச காலத்துலயும் ஒரு துணிய மூணு தபா அளப்பேன். என் கை தப்புற கைன்னு. எம்புள்ளைங்க சிரிக்கும்."

மன்னிப்புக் கேட்க வந்தவன் அந்த வார்த்தையைச் சொல்லாமலே நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"அப்ப பதினேழு சரி?"

"சரி. கடைசி இலக்கம் வரைக்கும்."

"பதினெட்டு?"

நான் போட்டது பதினேழு மட்டும்தான். மற்ற ஐந்து வரிகளை அன்றும் போடவில்லை, அதற்குப் பிறகு இந்த நாற்பத்து நாலு வருஷத்தில் ஒரு நாளும் போடவில்லை. தெரியாது, நான் போடவே இல்லை என்றேன்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. வந்ததே தவிர, சத்தம் போடவில்லை. உறைக்குள்ளிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். மாஸ்டர் எழுதிக் கொடுத்த முப்பத்து நாலு படிகள், பிலோமினா தன் கையால் பார்த்து எழுதி வைத்திருந்தது. அதை என்னிடம் நீட்டினார். தன் தாளை மட்டும் குப்புறக் கவிழ்த்து, மேலே கத்தரிக்கோலை வைத்தார்.

"அஞ்சு வரி கீது. பாக்காத போடு. முட்ச்சிட்டு எத்துகினு வா."

மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். இதைப் போட விருப்பமில்லாவிட்டால் போட வேண்டாம். போட்டால் வெட்டாமல் போடுங்கள். வெள்ளித் தட்டை இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

வீட்டில் ஒரு சின்ன கால்குலேட்டர் இருக்கிறது. அதில் மணி அடிக்காது, ஆனால் முப்பத்து நாலு படிகளும் அதே முப்பத்து நாலு படிகள்தான். கண் மங்கலாகிவிட்டதால் ஒரு நாளைக்கு ஒரு வரிகூட முடிவதில்லை. பதினெட்டு முடிந்தது. பத்தொன்பது முடிந்தது. இரண்டும் ப்ளஸ். இன்று காலையில் இருபதைத் தொடங்கியிருக்கிறேன். நான் போட்டவை சரியா என்று எனக்குத் தெரியாது. அதைப் பிலோமினா ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.